மருந்து போடாத பெட்டி

இந்த வாரம் நம்ம கதையின் நாயகன், வில்லன் ரெண்டுமே கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாத அளவு சின்னது. குண்டூசித் தலை அளவுதான். செம்பழுப்பு நிறம், எட்டுக் கால். நண்டு மாதிரி நீளத்தைவிட அகலம் அதிகம். பெயர் வரோவா உண்ணி. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழும். நம்ம உடம்பு அளவுக்குக் கணக்குப் போட்டால், முதுகில் ஒரு இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு உண்ணி கடித்துக்கொண்டே இருப்பது மாதிரி.

மதுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் தென்னை, முருங்கை, புளி, சூரியகாந்தி எல்லாம் இருக்கிற சமவெளி. தேனீப் பெட்டி வைக்க நல்ல இடம். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில் 1965-இலிருந்து ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. தேனீ வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவங்ககிட்ட அடிக்கடி வந்து சேரும் செய்தி ஒண்ணுதான்: "உண்ணிக்குப் புது மருந்து வந்திருக்கு. போட்டோம். உண்ணி கொட்டிடுச்சு."

இன்னைக்கு நம்ம கேள்வி இந்தக் கடைசி வாக்கியம்தான். கொட்டியது மருந்தாலா? எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதில் நிறையப் பேர் ஏமாந்திருக்காங்க.

ஒரு தீவு, ஒரு நோய், ஒரு மருந்து

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். தெற்குக் கடலோரத்தில் வைட் தீவு. 1906 வாக்கில் அங்கே தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் சாக ஆரம்பித்தன. பறக்க முடியாமல், பெட்டிக்கு முன்னால் புல்லில் ஊர்ந்து ஊர்ந்து செத்தன. அடுத்த சில வருடங்களில் பிரிட்டன் முழுக்க இதே கதை. 'வைட் தீவு நோய்' என்றே பெயர் வந்துவிட்டது.

1921-இல் ஸ்காட்லாந்தில் ஜான் ரென்னி என்ற ஆய்வாளரின் குழு, தேனீயின் மூச்சுக் குழாய்க்குள்ளே ஒரு நுண்ணிய உண்ணியைக் கண்டுபிடித்தது. இது வரோவா இல்லை, வேறு இனம். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். 1920களின் கடைசியில் ஃப்ரோ என்ற தேனீ வளர்ப்பாளர் ஒரு மருந்துக் கலவை சொன்னார். பெட்ரோல், நைட்ரோபென்சீன், சாஃப்ரோல் எண்ணெய். கேட்டாலே மூக்கைப் பொத்திக்கத் தோணும். ஆனால் 'ஃப்ரோ மருந்து' பிரபலமானது. போட்டவர்கள் பெட்டி பிழைத்தது என்றார்கள்.

இப்ப கவனிங்க. அந்த மருந்து வந்த நேரத்தில் நோயின் உச்சம் ஏற்கெனவே கடந்துவிட்டது. செத்தது போக மீதி இருந்த தேனீக்கள் தாக்குப்பிடித்து நின்றவை. 1960களில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் லெஸ்லி பெய்லி என்ற விஞ்ஞானி பழைய கதையைக் கிளறினார். ஊர்ந்து சாகும் அந்த அறிகுறி ஒரு வைரஸாலும் வரும் என்று காட்டினார். உண்ணி மட்டுமே அத்தனை சாவுக்கும் காரணம் என்பதைக் கேள்விக்குள்ளாக்கினார்.

அதாவது நோய்க்குக் காரணம் எது என்பதே முழுசாத் தெரியாது. நோய் தானாகவே வடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போட்ட மருந்துக்குப் பேர் கிடைத்துவிட்டது. நம்ம ஊர்ல சொல்வாங்களே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நம்ம தேனீயும் உண்ணியும்

சரி, வரோவாவுக்கு வருவோம். இதை முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டி எழுதியது 1904-இல், டச்சுக்காரரான ஊடமான்ஸ். கிடைத்த இடம் ஜாவா தீவு. கிடைத்தது யார் மேல் தெரியுமா? ஆசியத் தேனீயின் மேல். நாம் இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்று சொல்கிறோமே, அதே இனம். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீ.

இந்தத் தேனீக்கும் உண்ணிக்கும் ரொம்பக் காலப் பழக்கம். ரெண்டும் ஒன்றையொன்று சமாளிக்கக் கற்றுக்கொண்டவை. இந்தியத் தேனீ தன் உடம்பிலும் கூட்டாளி உடம்பிலும் இருக்கிற உண்ணியைத் தட்டிவிடும், கடித்தும் போடும். உண்ணியால் ஆண் தேனீப் புழுக்கள் வளரும் அறைகளில் மட்டும்தான் நன்றாகப் பெருக முடியும். ஆண் தேனீக்களோ வருஷத்தில் கொஞ்ச காலம்தான். அதனால் உண்ணி கட்டுக்குள்ளேயே இருக்கும். பெட்டி அழியாது. மருந்தே வேண்டாம்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? ஐரோப்பியத் தேனீயை மனிதர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்து இந்தத் தேனீக்குப் பக்கத்தில் வைத்தபோது. இருபதாம் நூற்றாண்டில் உண்ணி அங்கே தாவியது. புதுத் தேனீக்கு இந்த எதிரியைத் தெரியாது. அதில் வேலைக்காரத் தேனீயின் அறையிலும் உண்ணி முட்டையிட்டுப் பெருகும். போதாக்குறைக்கு, உண்ணி கடிக்கும் இடம் வழியே வைரஸ்களும் உள்ளே போகும். இறக்கை சுருங்கிய குட்டித் தேனீக்கள் பிறக்கும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு வருடங்களில் கூட்டமே காலி.

அமெரிக்காவில் 1987, பிரிட்டனில் 1992, நியூசிலாந்தில் 2000, கடைசியாக ஆஸ்திரேலியாவில் 2022. இப்படி உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. 2000-இல்தான் இன்னொரு விஷயமும் தெளிவானது. ஐரோப்பியத் தேனீயைக் கொல்வது ஊடமான்ஸ் பார்த்த இனம் இல்லை, அதன் நெருங்கிய உறவினம் என்று ஆண்டர்சனும் ட்ரூமனும் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வரோவா டெஸ்ட்ரக்டர்', அழிப்பவன் என்று அர்த்தம்.

திருச்சியிலிருந்து மார்த்தாண்டம் வரை

தமிழ்நாட்டில் பெட்டியில் தேனீ வளர்க்கும் கதை திருச்சியில் சூடுபிடித்தது. 1910களில், செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நம்ம தேனீயின் அளவுக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். மேல்நாட்டுப் பெட்டி நம்ம தேனீக்குப் பெரிய பங்களா மாதிரி, குடும்பத்துக்குப் பொருந்தாது. நியூட்டன் பெட்டி பொருந்தியது. இன்னைக்கும் தென்னிந்தியாவில் 'நியூட்டன் பெட்டி'ன்னு கேட்டால் கிடைக்கும். அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் இந்தத் தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. கன்னியாகுமரி மாவட்டம் தேனுக்குப் பேர்போனது இப்படித்தான்.

பிறகு வந்தது 1991, 92. தாய்லாந்தில் 1976-இல் முதலில் தெரியவந்த ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்கு வந்தது. பெயர் 'தாய் சாக்புரூட்'. தேனீப் புழு, தோல் பை மாதிரி நீர் கட்டிச் சாகும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும் பகுதி ஓரிரு வருடங்களில் அழிந்தது. தேன் விற்றுப் பிழைத்த குடும்பங்களிடம் காலிப் பெட்டிதான் மிச்சம்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மீண்டு வந்தது எப்படி என்றால், சாகாமல் நின்ற சில கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியதால்தான். வைட் தீவு கதையை இங்கே ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கோங்க. அந்தச் சமயத்தில் யாராவது ஒரு கஷாயம் தெளித்து, அவர் பெட்டி பிழைத்திருந்தால், ஊரே அந்தக் கஷாயத்தைத்தான் நம்பியிருக்கும்.

காலிப் பெட்டிகளின் இடத்தில் வந்தது இத்தாலியத் தேனீ, அதாவது ஐரோப்பியத் தேனீ. வடக்கில் இது முன்னாலேயே வந்துவிட்டது. 1960களில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் அத்வால், நக்ரோட்டா பகவானில் வெற்றிகரமாக நிலைநிறுத்தினார். தெற்கில் 1990களில் பரவியது. அதிகத் தேன், பெரிய கூட்டம், ரப்பர் பருவத்தில் கன்னியாகுமரிக்கும் மற்ற மாதங்களில் சமவெளிக்கும் லாரியில் ஏற்றிப் போகலாம். ஆனால் தேனீயோடு சேர்ந்து உண்ணிப் பிரச்சினையும் வந்தது.

அதுவும் ஒரு உண்ணி இல்லை, ரெண்டு. இன்னொன்றின் பெயர் ட்ரோபிலேலாப்ஸ். இது நம்ம மலைத்தேனீயின் உண்ணி. யானைமலைப் பாறையிலோ ஏதாவது பெரிய கட்டடத்தின் மேலோ பெரிய ஒற்றை அடை தொங்குமே, அந்தத் தேனீ. அங்கிருந்து இத்தாலியத் தேனீக்குத் தாவியது. அத்வால் காலத்திலேயே இது பெரிய தலைவலி. அதற்காகச் சட்டங்களின் மேல்கட்டையில் கந்தகத் தூள் தூவிப் பார்த்தார்கள். அந்தக் கந்தகத் தூள் வைத்தியம் இன்றும் நம்ம ஊரில் நடக்கிறது.

ஒவ்வொரு மருந்தும் ஒரு காலம்

1980களின் கடைசியில் மேல்நாட்டில் ஃப்ளுவாலினேட் தடவிய பிளாஸ்டிக் பட்டை வந்தது. சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டால் போதும். உண்ணி மழை மாதிரி கொட்டியது. கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1990களின் முதல் பாதியிலேயே இத்தாலியில் மருந்துக்கு அசராத உண்ணிகள் தெரிந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும். அடுத்து கூமபாஸ். அதற்கும் அதே கதி. அடுத்து அமிட்ராஸ், இது நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவின் பெரிய தேனீ வளர்ப்பாளர்கள் சராசரியாகத் தங்கள் கூட்டங்களில் பாதிக்கும் மேல் இழந்தார்கள். செத்த கூட்டங்களைச் சோதித்த அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்கள், வைரஸ்களோடு, கிட்டத்தட்ட எல்லா உண்ணியிலும் அமிட்ராஸுக்கு எதிர்ப்புத்தன்மை தரும் மரபணு அடையாளத்தையும் பார்த்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரியுது? மருந்தை ஒரு தடவை சோதித்துப் 'பாஸ்' போட்டுவிட்டால் முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் பாஸான மருந்து இன்றைக்குப் பெயிலாகலாம். வெளியிலிருந்து பார்த்தால் பட்டை அதே பட்டை, டப்பா அதே டப்பா. எண்ணிப் பார்க்காமல் தெரியாது.

எப்படி எண்ணுவது?

எண்ணும் முறை எளிது. புழு அடையிலிருந்து சுமார் முந்நூறு தேனீக்களை ஒரு ஜாடியில் எடுப்பார்கள், இராணித் தேனீ அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. வாயில் வலை கட்டிய மூடி. உள்ளே பொடித்த சர்க்கரை போட்டு உருட்டுவார்கள். உண்ணியின் பிடி நழுவும். கவிழ்த்துக் குலுக்கினால் சர்க்கரையோடு உண்ணி வெளியே விழும். தேனீக்கள் வெள்ளை மாவு பூசிய மாதிரி வீட்டுக்குத் திரும்பும். நூறு தேனீக்கு எத்தனை உண்ணி என்பதுதான் கணக்கு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. நூற்றுக்கு 8 உண்ணி இருந்தது. புது மருந்து போட்டோம். ஒரு மாதம் கழித்து 2. முக்கால்வாசி உண்ணி போச்சு, 75 சதவீத வெற்றி. கைதட்டலாமா?

பொறுங்க. பக்கத்தில் மருந்து போடாத பெட்டிகளையும் எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் 8 இருந்தது, மருந்தே இல்லாமல் 4 ஆகிவிட்டது. அப்படியென்றால் மருந்து போடாவிட்டாலும் இங்கே 4 தான் இருந்திருக்கும். மருந்து அந்த 4-ஐ 2 ஆக்கியது. உண்மையான பலன் 50 சதவீதம்தான்.

இன்னொரு தோப்பு. முன்னால் 4, மருந்துக்குப் பிறகும் 4. 'மருந்து வேஸ்ட்'னு தூக்கிப் போட்டுடுவோம். ஆனால் மருந்து போடாத பெட்டியில் 4 என்பது 8 ஆகியிருந்தால்? அங்கேயும் மருந்தின் பலன் அதே 50 சதவீதம். ஒரே மருந்து. ஒரு தோப்பில் ஹீரோ, இன்னொரு தோப்பில் ஜீரோ. வித்தியாசத்தைக் காட்டியது மருந்து போடாத பெட்டி மட்டும்தான். இந்தக் கணக்குக்கு ஹெண்டர்சன், டில்டன் என்ற இருவரின் பெயர் இருக்கு, 1955-இல் எழுதியது. பூச்சிமருந்து ஆய்வுகளில் இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

மருந்தே போடாமல் உண்ணி எப்படிக் குறையும்? நல்ல கேள்வி. உண்மையில் குறையவில்லை, ஒளிந்துகொண்டது. தேன் வரத்து நல்லா இருக்கும்போது இராணி நிறைய முட்டையிடும். மெழுகால் மூடிய புழு அறைகள் கூடும். உண்ணி அதற்குள்ளே புகுந்துகொள்ளும், வெளியில் தேனீ மேல் எண்ணினால் குறைவாகத் தெரியும். பூ இல்லாத பஞ்ச காலத்தில் புழு குறையும், உண்ணி எல்லாம் வெளியே வரும், எண்ணிக்கை திடீரென்று ஏறும். அதனால் மாசியில் ஒரு தடவை எண்ணி, மருந்து போட்டு, வேறொரு பருவத்தில் இன்னொரு தடவை எண்ணினால் நாம் அளந்தது மருந்தையா, பருவத்தையா என்றே தெரியாது.

மதுரை வெயிலில்

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கே உரியது. உலகத்தில் பேர்பெற்ற உண்ணி மருந்துகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் சோதிக்கப்பட்டவை. ஃபார்மிக் அமிலத்தை எடுத்துக்கோங்க. அதன் ஆவி மூடிய புழு அறைக்குள்ளும் போய் உண்ணியைக் கொல்லும், அதுதான் அதன் பெருமை. ஆனால் மேல்நாட்டில் விற்கும் ஃபார்மிக் பட்டை ஒன்றின் லேபிளில், பகல் வெப்பம் சுமார் 10 முதல் 29 டிகிரிக்குள் இருக்கும்போது வைக்கச் சொல்கிறார்கள். மதுரையில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் பகல் வெப்பம் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். சித்திரையில் 40-ஐத் தொடும். அந்தச் சூட்டில் அமிலம் மொத்தமாக ஆவியாகிவிடும். புழுவும் சாகலாம், இராணியும் சாகலாம்.

ஆக்ஸாலிக் அமிலம்? வெளியில் இருக்கும் உண்ணிக்கு நல்ல மருந்து. மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போகாது. ஐரோப்பாவில் கடுங்குளிரில் இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். பெட்டியில் புழுவே இருக்காது, எல்லா உண்ணியும் வெளியே. அப்போது போட்டால் பத்தில் ஒன்பது உண்ணிக்கு மேல் சாகும். நம்ம ஊரில் அப்படி ஒரு பனிக்காலம் ஏது? இங்கே வருஷம் முழுக்கப் பெட்டியில் ஏதோ கொஞ்சம் புழு இருந்துகொண்டே இருக்கும். 'தொண்ணூறு சதவீதம்' என்ற அந்த லேபிள் வேறொரு நாட்டுக் குளிர்காலத்தில் எழுதியது.

சாதகமும் உண்டு. ட்ரோபிலேலாப்ஸ் உண்ணிக்கு வளர்ந்த தேனீயைக் கடித்துச் சாப்பிடத் தெரியாது. புழு இல்லாவிட்டால் சில நாட்கள்தான் உயிரோடு இருக்கும். அதனால் இராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்துவைத்தால், புழு இல்லாத இடைவெளி ஒன்றை நாமே உண்டாக்கலாம். ஒரு ரூபாய் ரசாயனமும் இல்லை. இதையும் மற்ற மருந்து மாதிரியே எண்ணிப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். கூட்டம் எவ்வளவு சுருங்கியது, தேன் எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்து.

ஆக, மதுரைச் சமவெளியில் ஒரு புது மருந்தை மதிப்பிட வேண்டுமென்றால் என்ன வேண்டும்? ஒரே அளவு பலமுள்ள பெட்டிகள். எதுக்கு மருந்து, எதுக்கு இல்லை என்பதை வளர்ப்பவர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. இல்லாவிட்டால், பாவம்னு நலிந்த பெட்டிக்கே மருந்து போகும், இல்லை ஆசையில் நல்ல பெட்டிக்கே போகும். முன்னும் பின்னும் எண்ணுவது. கடைசியில் ஏற்கெனவே வேலை செய்வதாகத் தெரிந்த இன்னொரு மருந்தைப் போட்டு, புது மருந்து விட்டுவைத்த உண்ணி எத்தனை என்று பார்ப்பது. இராணி இருக்கா, புழு செத்ததா, தேனிலும் மெழுகிலும் மருந்து தங்கியதா என்று சோதிப்பது. இதெல்லாம் கோடையிலும் ஒரு தடவை, மழைக்காலத்திலும் ஒரு தடவை.

யார் நஷ்டம்?

இங்கேதான் கஷ்டமான கேள்வி. மருந்து போடாத பெட்டி யாருடையது?

இருபது பெட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் போய், பத்துப் பெட்டிக்கு மருந்து போடாதீங்கன்னு சொல்றோம். அந்தப் பத்தும் சாகலாம். அவருக்கு அது ஆராய்ச்சி இல்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். 1991-ஐப் பார்த்த குடும்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாப் பெட்டிக்கும் மருந்து போடுவதுதான் அவருக்கு நியாயமான முடிவு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் எல்லாப் பெட்டிக்கும் போட்டால், மருந்து வேலை செய்ததா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. விற்றவர் சொல்வதுதான் உண்மை ஆகிவிடும்.

அதனால் அந்தப் பத்துப் பெட்டியின் நஷ்டத்தைத் தனி ஆள் தலையில் கட்டக் கூடாது. பல்கலைக்கழகப் பண்ணையோ, அரசுத் திட்டமோ, மருந்தை விற்க வரும் கம்பெனியோ ஏற்க வேண்டும். செத்தால் மாற்றுக் கூட்டம் தருவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சோதிக்கலாம். மருந்து போடாமல் விடும் பெட்டியில் உண்ணி ஒரு அளவைத் தாண்டினால் சோதனையை நிறுத்திவிட்டுக் காப்பாற்றலாம். உண்ணி பக்கத்துப் பெட்டிக்கும் தாவும் என்பதால் அது அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

இத்தனைக்கும் நடுவில் நியூட்டன் பெட்டியில் இருக்கிற நம்ம பொந்துத் தேனீயையும் மறந்துடாதீங்க. அது கொஞ்சமாகத்தான் தேன் தரும். பிடிக்கலைன்னா கூட்டோடு கிளம்பிப் போய்விடும். ஆனால் வரோவா விஷயத்தில் அதற்கு மருந்து தேவைப்படவில்லை. எந்தப் புது மருந்தையும் மதிப்பிடும்போது, 'மருந்தே வேண்டாத தேனீ' என்ற கணக்கையும் ஒரு பக்கம் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த தடவை யாராவது, தேனீக்கானாலும் சரி, தலைவலிக்கானாலும் சரி, "இதைப் போட்டேன், சரியாயிடுச்சு"ன்னு சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போடாதவங்களுக்கு என்ன ஆச்சு?"

அடுத்த வாரம் சந்திப்போம்.